பல்லி வரைந்த பெட்டி

அம்மணி,

இன்று காலை பட்டறை ஷட்டரைத் தூக்கினேன். ஆயுத பூசைக்கும் அதை ஒட்டி வந்த சனி ஞாயிறுக்கும் சேர்த்து மூன்று நான்கு நாள் மூடிக் கிடந்த இடம். மெஷின் தொட்டியில் தேங்கி நின்ற கூலண்ட் புளித்துப்போய், என்னை வரவேற்க வாசல்வரை வந்து நின்றது. வெட்டும்போது உலோகத்தின் சூடு தணிய நாம் பால்போலக் கரைத்து ஊற்றுவோமே, அதே எண்ணெய்த் தண்ணீர்தான். நான்கு நாள் சும்மா விட்டால் அது அழுகிய முட்டை, நனைந்த நாய், கிள்ளான் ஆற்றின் அடிச்சேறு மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு வேகவைத்தது போலாகிவிடும். இங்கே சுங்கை வேயில் கிளம்பிய அந்த நாற்றத்துக்குப் பூச்சோங்கில் ஒரு கோழி மயங்கி விழுந்ததாகக் கேள்வி. நீ நம்ப மாட்டாய். பரவாயில்லை, நான் சொன்ன எதைத்தான் நம்பியிருக்கிறாய்.

மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவனுக்கு முதலில் கேட்டது உன் குரல். "இது கூட பரவால்ல பாஸ். கழுவி ஊத்துனா போயிரும்." எதோடு ஒப்பிட்டு நீ 'இது கூட' என்றாய் என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். போன மாதத்திலிருந்து எனக்கு மட்டும் தெரியும். அதனால்தான் மெஷினைக்கூடப் போடாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நான் உலோகப் பெட்டி உலகின் ஏகச்சக்கரவர்த்தி. என் சாம்ராஜ்யம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. என் படை, யாரோ ஓட்டித் தேய்த்து விற்ற ஒரு கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின், அதை ஓட்டும் முனியாண்டி, சுற்றுவதுபோல் பாவனை செய்யும் ஒரு காற்றாடி. அலுமினியக் கட்டியைக் குடைந்து, கேட்டவருக்குக் கேட்ட அளவில் பெட்டி செய்து கொடுப்போம். அந்தப் பெட்டிகளில் நுண்ணிய மின்பலகைகள், அதாவது சர்க்யூட் போர்டுகள், உட்காரும். நீராவி, எண்ணெய், எறும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. இந்தப் படைக்கு டிராயிங் போட ஆள் தேடியபோது நீ வந்தாய். ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் ஆறு வருஷம் வரைபடம் வரைந்தவள். ஏன் விட்டுவிட்டு வருகிறாய் என்று நான் கம்பீரமாகக் கேட்டேன்.

"ஆறு வருஷமா சாக்கடையே வரைஞ்சிட்டேன்ணே. இனிமே ஏதாச்சும் மூடி போட்டதா வரையணும்."

அந்த நிமிடமே வேலை கொடுத்தேன். நான் உன்னை அம்மணி என்றேன், கிண்டலாகத்தான். நீ என்னை அண்ணே என்றாய். கோபம் வந்தால் மட்டும் பாஸ் என்பாய். நீ பாஸ் என்று ஆரம்பித்த நாட்களில் நான் தே தாரிக் குடிக்க எதிர்க்கடைக்குப் போய்விடுவேன். சில மாதங்களில் என் வயிற்றில் இருந்தது தேநீர் மட்டுமே.

அப்புறம் அந்த இன்ஜினியர் வந்தார். கண்ணாடி போட்ட சீனர், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் வைத்திருப்பவர். செம்பனை எண்ணெய் ஆலைகளில் எடை பார்க்கும் கருவி செய்கிற அவருடைய தொழிற்சாலைக்கு அறுபது பெட்டி வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. பென்சில் டிராயிங் இனி செல்லாது, கம்ப்யூட்டரில் வரைந்து தர வேண்டும். அவர் போன பிறகு நான் தலையில் கை வைத்தேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பாடா, இப்பவாச்சும் வாங்குவீங்கல்ல" என்றாய். பென்சிலைப் பிரிவதில் உனக்குத் துளி வருத்தமும் இல்லை. அழித்து அழித்து உன் விரல் நுனியே தேய்ந்துவிட்டதாகச் சொன்னாய்.

அந்த வாரமே அவர் உன்னிடம் தனியாக இன்னொன்றும் சொல்லியிருந்தார். நீ அதை ஒளிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனபோது, அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னாய்.

"அண்ணே, அவங்க கம்பெனில டிசைன் செக்‌ஷன் தொறக்கிறாங்களாம். இந்த அறுபது பெட்டியும் சரியா வந்திச்சின்னா என்னைக் கூப்புடறேன்னாரு. ஏர்கான் இருக்காம். ஜன்னல் பக்கத்துல மேசையாம்ணே."

"ஜன்னலா. ஜன்னல் வழியா என்னா தெரியுமாம்?"

"கார் பார்க்குதான். இருந்தா என்னாண்ணே, வெளிச்சம் வருதில்ல."

நம் பட்டறையில் ஜன்னல் இல்லை. நீ ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே மூன்று வருஷம் வரைந்தாய். நான் பெருந்தன்மையோடு, அதாவது ரசத்தை இரண்டாம் முறை கேட்கிற அதே பெருந்தன்மையோடு, "போ போ, நல்லா இரு" என்றேன். நீ அதை உண்மை என்று எடுத்துக்கொண்டாய். என் வார்த்தையை நீ நம்பியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சாப்ட்வேர் வாங்கப் புறப்பட்டோம். அந்தக் கதையை நினைத்தாலே இன்னும் எனக்கு வாயில் கசக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல் ஹால். எண்ணெய் வடியும் கறிபாப், நீர்த்த காப்பி, மேடையில் டை கட்டிய ஒருவன். நம்மாள்தான். தலையில் அவன் தடவியிருந்த கிரீமில் இரண்டு ரொட்டி சானாய் தாராளமாகச் சுடலாம். அவன் ஒரு பெட்டியைத் திரையில் வரவழைத்தான். அது சுழன்றது. நீலமாகச் சுழன்றது, தங்கமாகச் சுழன்றது, மேலே ஒளி வழுக்கி ஓடியது. ஹாலில் இருந்த அத்தனை முதலாளிகளும் வாயைத் திறந்து மூட மறந்தார்கள். என் வாய்தான் எல்லாருடையதையும்விடப் பெரியது. அந்த சாப்ட்வேருக்கு நான் அங்கேயே மயில் என்று பெயர் வைத்துவிட்டேன்.

நீ மட்டும் கை தூக்கினாய்.

"தம்பி, அத நடுவுல வெட்டிக் காட்டுங்க."

"அக்கா, இது எந்தப் பக்கம் வேணும்னாலும் ரோட்டேட் ஆகும்கா."

"ஆகட்டும். வெட்டிக் காட்டுங்க லா."

அவன் எதையோ தட்டினான். பெட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. காலியாக இருப்பது நியாயம்தான், பெட்டிதானே. ஆனால் சுவருக்குத் தடிமனே இல்லை. வெறும் தோல். வெங்காயத்தின் மேல்தோலை ஊதி நிறுத்தியதுபோல் ஒரு பெட்டி.

"சுவரு எங்க தம்பி?"

"சுவரு வந்து, அடுத்த வெர்ஷன்ல வரும்கா."

நீ சிரிக்கவில்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. திரும்பி வரும்போது என் வேனில் உட்கார்ந்து சொன்னாய்: "பெட்டின்னா உள்ள இருக்கறவனுக்குண்ணே. வெளிய நிக்கறவன் பார்த்துட்டுப் போயிருவான்." உன் டிராயிங் எல்லாவற்றிலும் நீ உள்ளளவுதான் போடுவாய். பலகை உட்கார என்ன இடம் வேண்டுமோ அது முதலில், அதைச் சுற்றிச் சுவர் பிறகு. எண்ணுக்குப் பக்கத்தில் 'உள்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போடுவாய். ஒரு கோடு போதாதா என்று கேட்டால், "ஒண்ணு முனியாண்டிக்கு, ஒண்ணு உங்களுக்கு" என்பாய்.

இரண்டாவதாகப் பார்த்த சாப்ட்வேருக்கு ஹோட்டலும் இல்லை, கறிபாப்பும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். ஒரு நீளம் கொடுத்தால் உள்ளா வெளியா என்று கேட்கும். சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கும். பதில் சொல்லும்வரை நகராது. நான் அதற்கு எருமை என்று பெயர் வைத்தேன். நீ அதைக் கட்டிக்கொண்டாய். இன்ஜினியரின் தொழிற்சாலையில் ஓடுவதும் அதே எருமைதான் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டையும் ஒரு மாதம் பரிசோதிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாங்கிள் வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு சாவி. கம்ப்யூட்டரின் முதுகில் அதைச் செருகினால்தான் சாப்ட்வேர் கண் திறக்கும். மாதம் முடிவதற்குள் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒரு மாதமும் நம் பட்டறையில் ஐ.நா. சபையே கூடியதுபோல் விவாதம். நான் மயிலின் சார்பில் மூன்று மணி நேரம் பேசுவேன். நீ எருமையின் சார்பில் "சுவரு எங்கண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்பாய். முனியாண்டி இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் போடுவான்.

நடுவில் ஆயுத பூசை வந்தது. நீ மெஷினைக் கழுவி, கரும்பு கட்டி, ஸ்பானர் முதல் திருப்புளி வரை சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாய். கடைசியாகக் கம்ப்யூட்டருக்கும் வைத்தாய். அப்புறம் என்ன நினைத்தாயோ, டாங்கிள் இரண்டையும் கழற்றி ஒரு பித்தளைத் தட்டில் வைத்து, அவற்றின் நெற்றிக்கும் தாராளமாகச் சந்தனம் பூசினாய். டாங்கிளுக்கு நெற்றி எது, வாய் எது என்று யாருக்குத் தெரியும். நீ பூசியது வாய்ப்பக்கம்.

"நாளைக்கு வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றாய். கற்பூரத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாய். "முக்கியமா நீங்க."

எல்லாரும் சுண்டலோடு வீட்டுக்குப் போன பிறகு, அன்று பிற்பகல் நான் திரும்பி வந்தேன்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் நீ எருமை பழகும் வகுப்புக்குப் போகிறாய். பெட்டியை எருமையில் வரைந்து முடித்து, அந்தத் தாளை முனியாண்டியின் மேசையில் வைத்திருந்தாய். நீ திரும்பி வருவதற்குள் அறுபதையும் மயிலைக் கொண்டு செய்து முடித்து, "பார்த்தாயா" என்று உன் முன்னால் வரிசையாக அடுக்கி நிறுத்த வேண்டும். அதுதான் என் மகத்தான திட்டம்.

மயிலின் டாங்கிளைச் செருகினேன். சாவி இல்லை என்றது திரை. சந்தனம் காய்ந்து அதன் பற்களுக்கிடையே இறுகிப் போயிருந்தது. பல்குச்சியால் குடைந்தேன். சேப்டி பின்னால் கிளறினேன். கடைசியில் வாயில் வைத்து ஊதினேன். சாமிக்கு வைத்த சந்தனத்தை, ஒரு வளர்ந்த மனிதன், முதலாளி, ஏகச்சக்கரவர்த்தி, பூசை நாளில் நக்கிக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியை மேலே காலண்டரில் இருந்து பார்த்த பிள்ளையார் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதது அவர் பெருந்தன்மை.

மயில் கண் திறந்தது. உன் தாளைப் பார்த்து உன் எண்களை அடித்தேன். நீளம், அகலம், ஆழம். இரண்டு கோடு போட்ட 'உள்' என் கண் முன்னால்தான் இருந்தது. உள்ளா வெளியா என்று மயில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டி ஜொலித்தது. அதை நூறு தடவை சுழற்றிப் பார்த்தேன். அச்சடித்தேன். 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் உன் பெயரின் இரண்டு எழுத்து தானாகவே வந்து விழுந்தது, நீதான் இரண்டு சாப்ட்வேரிலும் அப்படி வைத்திருந்தாயே. மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அழகாக இருந்தது.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகும் வழியில் நீ எட்டிப் பார்த்தாய். தட்டில் இருந்த டாங்கிள்களைப் பார்த்தாய்.

"யாருண்ணே மயிலு மேல இருந்த சந்தனத்த நக்குனது?"

"பல்லி."

"பல்லியா?"

"ஆமா. பெருசு. இந்த அளவு."

"எருமை மேல இருக்கறத விட்டுருச்சே."

"அதுக்கு மயில்தான் புடிச்சிருக்கு போல."

"ஓ" என்றாய். எருமையின் டாங்கிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். நீ தெருமுனை திரும்பியதும் முனியாண்டியின் மேசையில் தாளை மாற்றி வைத்தேன்.

முனியாண்டி முதல் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் சின்னதா இருக்கற மாதிரி இல்ல?" என்றான். "கம்ப்யூட்டர் சொல்லுதுடா. நீ கம்ப்யூட்டரவிடப் பெரிய ஆளா?" என்றேன். தாளில் உள்ள அளவும் பெட்டியின் அளவும் அச்சாகப் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும். உன் உள்ளளவை மயில் வெளியளவாக எடுத்துக்கொண்டிருந்தது. அதில் சுவரே இல்லாததால் முனியாண்டி வழக்கமான தடிமனை உள்நோக்கி விட்டுக் குடைந்திருந்தான். பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர், ஆக எட்டு. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அறுபது பெட்டியும் கண்ணாடிபோல மின்னின. அவற்றின் பளபளப்பில் விமானங்கள் வழி தவறினாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

வகுப்பு முடிந்து நீ வேலைக்கு வந்த அதே காலையில் இன்ஜினியரும் வந்தார், கையில் ஒரு மின்பலகையோடு. நீ புதுப் புடவை கட்டியிருந்தாய். கேட்டதற்கு, "சும்மாண்ணே" என்றாய்.

அவர் பலகையைப் பெட்டிக்குள் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார், போகவில்லை. சாய்த்து, குறுக்கே, மூலைக்கு மூலை என்று முயன்றார். இன்னொரு பெட்டியை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பலகையின் ஓரம் நொறுங்கும் சத்தம் கேட்டது. சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார், அளந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். மெஷின் தொட்டியிலிருந்து கூலண்ட் நாறிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் இரவு பகலாக ஓட்டிய மிதப்பில் நான் அதை மாற்றவே இல்லை.

"சியாப்பா புவாட் டிராயிங்?" என்றார். யார் வரைந்தது என்று கேட்டார். கோபமே இல்லாத குரல்.

அம்மணி, இத்தனை வருஷத்தில் நான் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். கோழி மயங்கியது அதில் சேர்த்தி. ஆனால் அன்று நான் பொய் சொல்லவில்லை. அதுதான் கேவலம். நான் தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன், 'வரைந்தவர்' கட்டத்தில் விரலை வைத்தேன், "பேரு இதிலயே இருக்கு" என்று மலாயில் சொன்னேன். இருந்ததை வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். பொய்யனாவது வாய் திறந்து பாவம் செய்கிறான். நான் ஒரு விரலைக் கொண்டே முடித்துவிட்டேன். தூ.

நீ வந்து அந்தத் தாளை வாங்கினாய். உன் எழுத்துகளைப் பார்த்தாய். நீ போடாத அளவைப் பார்த்தாய். பிறகு உன் நகம் தாளின் கீழ் மூலைக்கு மெதுவாக நகர்ந்தது. அச்சடித்த தேதியை சாப்ட்வேர் தானாகவே அங்கே போட்டிருந்தது. ஆயுத பூசை தேதி. இந்தப் பட்டறையில் திருப்புளிகூட ஓய்வெடுத்த நாள். மயில் எனக்குச் சுவர் கட்டிக் கொடுக்கவில்லை, ஆனால் தேதியை மட்டும் சரியாகக் குறித்து வைத்திருந்தது.

நகத்தை எடுக்காமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாய்.

"பல்லிக்கு டிராயிங் போடத் தெரியும்னு எனக்குத் தெரியாது பாஸ்."

இன்ஜினியருக்குப் புரியவில்லை. என்னவென்று கேட்டார். நீ ஒரு கணம் நிறுத்தினாய். அந்த ஒரு கணத்தில் உன் ஜன்னல், மேசை, கார் பார்க் எல்லாம் உன் கையில் இருந்தன. தேதியைக் காட்டி ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"சிச்சாக் பாஸ்" என்றாய் அவரிடம். "சிச்சாக் பிராப்ளம்."

பல்லியால் வந்த பிரச்சினை. இந்த ஊரில் மின்பெட்டி செய்பவர் யாருக்கும் பல்லி புதிதில்லை. அவர் மெஷினுக்குள் பல்லி புகுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. தலையாட்டினார். ஆனால் தாளில் இருந்த இரண்டு எழுத்தையும் இன்னொரு முறை பார்த்துக்கொண்டுதான் கிளம்பினார்.

கார் போன பிறகு ஏதாவது பேச வேண்டுமே என்று நான் சொன்னேன்: "என்னா நாத்தம் இது. கூலண்ட மாத்தணும்." அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். இது கூட பரவால்ல பாஸ்.

அறுபதையும் எருமையில் நீ வரைந்தபடி மறுபடி வெட்டினோம். பலகை உள்ளே போய் உட்கார்ந்தது, தொட்டிலில் குழந்தை படுத்ததுபோல். ஆர்டர் பிழைத்தது, அதற்குப் பிறகு பல வருஷம் அவர் நம்மிடமேதான் பெட்டி வாங்கினார். ஜன்னல் பக்கத்து மேசைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். எருமையைத்தான் வாங்கினேன். நீ "சுவரு எங்கண்ணே" என்று கேட்டுக் கேலி செய்யக்கூட இல்லை. அண்ணே என்பதே நின்றுபோயிருந்தது. எட்டு மாதம் கழித்துக் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போகும் அன்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன் பாஸ்" என்றாய். நான் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போகவில்லை. அங்கேயே நின்றேன். அதைக்கூட ஒரு வீரமாக நினைத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். மயிலின் நிறத்தில் மயங்கிய ஒரு முட்டாள் மாமா என்று என்னை எழுதி வைத்திருக்கிறேன். படிக்கிறவர் சிரித்துவிட்டு மன்னித்துவிடுவார். அதற்காகத்தான் அப்படி எழுதினேன். இப்போது பெட்டியை வெட்டிக் காட்டுகிறேன்.

எனக்கு மயில் பிடிக்கவில்லை அம்மணி. சுவர் இல்லை என்று நீ காட்டிய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நான் இருபது வருஷம் உலோகம் வெட்டியவன், எனக்கா தெரியாது. எருமையை வாங்கினால் நீ அதில் தேர்ந்துவிடுவாய், தேர்ந்தால் போய்விடுவாய். மயிலை வாங்கினால் நீ என் டியூப் லைட்டுக்குக் கீழேயே இருப்பாய். இதற்காகத்தான் மூன்று மணி நேரம் பேசினேன். இதற்காகத்தான் சாமி சந்தனத்தை நக்கினேன். அளவை வேண்டுமென்று மாற்றி அடிக்கவில்லை, அது சத்தியம். ஆனால் பலகை உள்ளே போகாமல் நின்றபோது என் நெஞ்சில் ஒரு மூலையில், மிகச் சிறிய மூலையில், ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டது. அந்த மூச்சின் நாற்றத்துக்கு முன்னால் கூலண்ட் மல்லிகைப்பூ.

கிள்ளானில் நீ சமையலறை அலமாரி வரைந்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிறகு தீபாவளிக்கு உன் வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே வாழ்த்து ஒன்றும் இல்லை. பேனாவால் வரைந்த ஒரு பல்லி, வாலை வளைத்து என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அடியில், 'பல்லி அண்ணனுக்கு.' அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. மறு வருஷமும் வந்தது, அதற்கு மறு வருஷமும். ஒவ்வொரு வருஷமும் பல்லி கொஞ்சம் கொழுத்தது. நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாய் என்று இப்போது புரிகிறது. நான் பதிலுக்கு ஒரு டின் முறுக்கு அனுப்பினேன்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். மூன்று வாரக் காய்ச்சல் என்றார், மீதியைச் சொல்ல அவரால் முடியவில்லை. ரயிலில் கிள்ளானுக்கு வந்தேன். உன் வீட்டில் உன் மேசையைப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்தில்தான் போட்டிருந்தாய். வெளியே தெரிந்தது பக்கத்து வீட்டுக் கார்.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

"உங்கள எப்பவும் பல்லி அண்ணேன்னுதான் சொல்லுவா. ஏன்னு கேட்டா சிரிச்சிக்கிட்டே போயிருவா. ஏன் சார்?"

அவரிடம்கூட நீ சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு தடவ ஆபீஸ்ல என் மேல பல்லி விழுந்திருச்சி. அதான்."

அவர் சிரித்தார். ஒரு மாதமாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். திரும்பும் ரயிலில், பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று எதிர் சீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் எனக்குத் தைலம் கொடுத்தார்.

என் சாவிக்கொத்தில் இன்னும் மயிலின் டாங்கிள் தொங்குகிறது. ஒரு மாதப் பரிசோதனை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதன் திருகாணி மரையில் உன் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. வீட்டுக் கதவு, பட்டறைப் பூட்டு, வேன், எதைத் திறந்தாலும் முதலில் அது கையில் படும். இப்போதெல்லாம் டை கட்டிய எவனாவது திரையில் எதையாவது சுழற்றிக் காட்டினால் நான் கை தூக்கி, வெட்டிக் காட்டச் சொல்கிறேன். ரொம்பக் கெட்டிக்காரர் என்கிறார்கள். அது உன் கேள்வி என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. இனிமேல் சொல்வேன்.

எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு மெஷினைக் கழுவி கூலண்டை மாற்றினேன். நீ சொன்னது சரி, நாற்றம் போய்விட்டது. பிறகு பழைய கோப்பிலிருந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். நீ வேலையை விட்டுப் போன அன்று அதை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருந்தாய், தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டத்தோடு. இந்த மடலையும் அந்தத் தாளையும் நாளைக் காலை முதல் ரயிலில் கிள்ளானுக்குக் கொண்டுபோய் உன் வீட்டுக்காரர் கையில் கொடுக்கப்போகிறேன். அவர் என்ன செய்தாலும் சரி. ஏன் பல்லி என்று அவர் கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது.

கொடுப்பதற்கு முன்னால் தாளில் ஒரு திருத்தம் செய்தேன். 'வரைந்தவர்' கட்டத்தில் உன் இரண்டு எழுத்தையும் அடித்தேன். என் பெயரை எழுதினேன். அது போதாது என்று தோன்றியதால், பக்கத்தில் ஒரு பல்லியும் வரைந்தேன். தலை வந்தது, உடம்பு வந்தது, கால் நான்கும் வந்தன. வால் மட்டும் கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தத் தடவையும் உள்ளளவு பார்க்கவில்லை, அம்மணி.

பல்லி அண்ணன்
சுங்கை வே